வெள்ளிமலை இறக்கத்தில் ஒரு செப்பலின்: இசட்.எஃப். கம்பெனியின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைக் கொஞ்சம் அப்படியே விட்டு, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சத்தத்துல இருந்து ஆரம்பிக்கலாம். கவர்மென்ட் பஸ் ஸ்டாப்பிங்ல நிக்கும்போது டயர் பக்கத்துல இருந்து "ப்ஸ்ஸ்ஸ்"னு காத்து வெளிய வருமே, அந்தச் சத்தம். நாம எல்லாரும் ஆயிரம் தடவை கேட்டிருப்போம். அது என்னன்னு நின்னு யோசிச்சவங்க கம்மி.

அதுதான் ஏர் பிரேக். தமிழ்நாட்டு பஸ்களிலும் லாரிகளிலும் இருக்கும் ஏர் பிரேக் பாகங்களில் பெரும்பங்கு பல வருஷமாகச் சென்னையில் ஒரே இடத்தில் பிறந்தவை. அந்தத் தொழிலின் முதலாளி இன்றைக்கு இசட்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனி. அந்த ஜெர்மன் கம்பெனியின் முதலாளி யார்? ஒரு பணக்காரக் குடும்பம் இல்லை, வால் ஸ்ட்ரீட் இல்லை. ஒரு ஊர். சுமார் 60,000 பேர் வாழும், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர்.

இது எப்படி நடந்தது என்பதுதான் இந்த எபிசோடு.

முதலில் பிரேக்

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் கல்வராயன் மலை. மேலே வெள்ளிமலை. ஏறுறது பெரிய விஷயம் இல்லை, எஞ்சின் முக்கி முனகி ஏத்திடும். இறங்குறதுதான் விஷயம். பத்து டன்னுக்கும் மேல் எடையுள்ள பஸ்ஸை வளைவுக்கு வளைவு மட்டுப்படுத்திக் கீழே கொண்டுவரணும். டிரைவர் கால் பலம் மட்டும் அதுக்குப் போதாது.

அதனால் காற்றை வேலைக்கு வைக்கிறார்கள். எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி டேங்கில் சேமிக்கும். டிரைவர் பிரேக் பெடலை மிதிக்கும்போது அவர் செய்வது ஒரு வால்வைத் திறப்பது மட்டும்தான். அழுத்தப்பட்ட காற்று ஓடிப்போய், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சேம்பரில் ஒரு தண்டைத் தள்ளும். அது லைனரை டிரம்மோடு அழுத்தும். காலை எடுத்ததும் அந்தக் காற்று வெளியே போகும். அதுதான் அந்த "ப்ஸ்ஸ்ஸ்".

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி ஹேண்ட் பிரேக். அது நேர் எதிராக வேலை செய்யும். உள்ளே ஒரு முரட்டு ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கை அழுத்திப் பிடிக்கத் தயாராக இருக்கும். காற்றுதான் அந்த ஸ்பிரிங்கைப் பின்னால் தள்ளி வைத்திருக்கும். காற்று கசிந்து போனால் ஸ்பிரிங் விடுபட்டு வண்டியைப் பிடித்துவிடும். காலையில் டிப்போவில் பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி, "காத்து ஏறட்டும்"னு டிரைவர் கொஞ்ச நேரம் உறும விடுவார் இல்லையா, அதுக்கு இதான் காரணம். காற்று ஏறாமல் வண்டி நகராது.

தப்பு நடந்தால் ஆபத்து இல்லாத பக்கமாக விழணும். சாஃப்ட்வேர்ல நாங்க இதை ஃபெயில்-சேஃப்னு பெருமையா பேசுவோம். ரயிலுக்கு 1869-ல் ஏர் பிரேக் கொண்டுவந்த அமெரிக்கர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், சில வருஷத்திலேயே குழாய் அறுந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும் மாதிரி அதை மாற்றிவிட்டார். அவருடைய வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனியின் சுருக்கப் பெயர்தான் வாப்கோ. இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

எரிந்துபோன ஒரு ஆகாயக் கப்பல்

இப்போ ஜெர்மனிக்குப் போவோம். தெற்குக் கோடியில், சுவிட்சர்லாந்தைப் பார்த்தபடி கான்ஸ்டன்ஸ் ஏரி. அதன் கரையில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற ஊர். ஃபெர்டினாண்ட் ஃபான் செப்பலின் என்ற ஓய்வுபெற்ற குதிரைப்படைத் தளபதி, பிரம்மாண்டமான ஆகாயக் கப்பல்களை இங்கேதான் கட்டினார். முதல் கப்பல் 1900 ஜூலையில் ஏரிக்கு மேலே பறந்தது.

1908 ஆகஸ்ட் 5. அவருடைய நான்காவது கப்பல் 24 மணி நேரச் சோதனைப் பயணத்தில் இருந்தது. அதில் ஜெயித்தால்தான் ராணுவம் வாங்கும். எஞ்சின் கோளாறால் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எக்டர்டிங்கன் என்ற இடத்தில் இறக்கினார்கள். புயல்காற்று கட்டியிருந்த கப்பலைப் பிய்த்துக்கொண்டு போனது. கீழே விழுந்து எரிந்து சாம்பல். அந்த மனிதருக்கு அப்போது 70 வயது. கதை முடிந்தது என்றுதான் தோன்றியது.

ஆனால் ஜெர்மனி முழுக்க மக்கள் தாங்களாகவே பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளில் இருந்து பணக்காரர்கள் வரை கொடுத்த பணம் 60 லட்சம் மார்க்கைத் தாண்டியது. கிரவுட் ஃபண்டிங் என்ற வார்த்தை வருவதற்கு நூறு வருஷம் முன்னாடி நடந்த கிரவுட் ஃபண்டிங் அது.

அந்தப் பணத்தை அவர் தன் பெயரில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அதன் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆகாயக் கப்பல் கட்டும் நோக்கம் என்றைக்காவது நிறைவேற்ற முடியாமல் போனால், சொத்தெல்லாம் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் ஊருக்குப் போகும், பொது நன்மைக்குச் செலவாகும். அன்றைக்கு அது சும்மா ஒரு பின்பக்க ஷரத்து. நாற்பது வருஷம் கழித்து அது வேலைக்கு வந்தது.

பல்சக்கரத் தொழிற்சாலை

ஆகாயக் கப்பலில் எஞ்சின் ஒரு இடம், விசிறி இன்னொரு இடம். நடுவில் சக்தியைக் கடத்தப் பல்சக்கரம் வேணும். அன்றைய பல்சக்கரங்கள் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும். மாக்ஸ் மாக் என்ற சுவிஸ் பொறியாளர் பல்லின் வடிவத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டு வெட்டி, அரைக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். அவருடைய கம்பெனியோடு சேர்ந்து, செப்பலின் கம்பெனி 1915-ல் ஒரு தொழிற்சாலை ஆரம்பித்தது. பெயர் சான்ராட்ஃபாப்ரிக். ஜெர்மனில் அப்படின்னா "பல்சக்கரத் தொழிற்சாலை", அவ்வளவுதான். அதன் சுருக்கமே இசட்.எஃப்.

1915 என்றால் முதல் உலகப் போர். அதே வருஷம் செப்பலின்கள் லண்டன் மேல் குண்டு போட ஆரம்பித்திருந்தன. இந்தக் கம்பெனி போருக்குள் பிறந்த கம்பெனி. அதை மறைக்க வேண்டியதில்லை.

போரில் ஜெர்மனி தோற்றது. 1919 வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் ராணுவ விமானத் தொழிலுக்குப் பூட்டுப் போட்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த கம்பெனிக்கு அந்த வாடிக்கையாளரே இல்லை. தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஃபான் சோடன், கார்களுக்கும் லாரிகளுக்கும் கியர் பெட்டி செய்யலாம் என்று திருப்பினார். முதலில் செய்த சோடன் கியர் பெட்டியில் டிரைவர் கியரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்கலாம். காலத்துக்கு ரொம்ப முந்திய ஐடியா. சந்தையில் பெரிதாக எடுபடவில்லை. 1925-ல் வந்த, பல கம்பெனி வண்டிகளுக்கும் பொருந்தும் எளிமையான பொதுக் கியர் பெட்டிதான் விற்றது.

உதிரிபாகத் தொழிலின் சூட்சுமம் இங்கே இருக்கு. ஒரு கார் கம்பெனி தன் கியர் பெட்டியைத் தானே செய்யலாம். ஆனால் அந்த ஆராய்ச்சிச் செலவு முழுக்க அதன் தலையில் விழும். பத்து கம்பெனிக்கு விற்கும் நிபுணன் அதே செலவைப் பத்தாகப் பிரிப்பான். நாம யாரும் புதுசா டேட்டாபேஸ் எழுதுறதில்லை, இருக்கிறதை எடுத்துப் போடுறோம் இல்லையா, அதே கணக்கு. வண்டியின் முகப்பில் பெயர் இருக்காது. ஆனால் அந்தப் பாகம் இல்லாமல் வண்டி ஓடாது.

அடுத்த அத்தியாயம் இருட்டு. ஹிட்லர் காலத்தில் இசட்.எஃப். பீரங்கி வண்டிகளுக்குக் கியர் பெட்டி செய்து வளர்ந்தது. போர் நடுவில் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கியது. 1944 ஏப்ரல் 28 இரவு விமானத் தாக்குதலில் ஊரும் ஆலைகளும் தரைமட்டமாயின.

போருக்குப் பிறகு அந்தப் பகுதி பிரெஞ்சுக்காரர்களின் பொறுப்பில் இருந்தது. ஆகாயக் கப்பல் கட்டும் நோக்கம் இனி நிறைவேறாது என்பது எல்லாருக்கும் தெளிவு. 1908 பத்திரத்தில் இருந்த அந்த ஷரத்து உயிர் பெற்றது. 1947-ல் செப்பலின் அறக்கட்டளை ஊருக்கு வந்தது. அதோடு இசட்.எஃப். பங்குகளும் வந்தன. அன்றைக்கு அது இடிந்துபோன ஒரு தொழிற்சாலை. இன்றைக்கும் 93.8 சதவீதப் பங்கு அந்த அறக்கட்டளையிடம்தான். கம்பெனி லாபம் சம்பாதித்தால், ஒரு பங்கு அந்த ஊரின் மழலையர் பள்ளிகளுக்கும் மருத்துவமனைக்கும் கலை அரங்கத்துக்கும் போகிறது.

பாடியில் நடந்தது

இப்போ நம்ம ஊர். 1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழிலோடு தொடங்கிய டி.வி.எஸ். குடும்பம், சுதந்திரத்துக்குப் பிறகு உதிரிபாகத் தயாரிப்பில் இறங்கியது. இறக்குமதி கடினமான காலம். வெளிநாட்டுத் தொழில்நுட்பம், உள்நாட்டுத் தொழிற்சாலை என்பதுதான் அன்றைய வழி. 1962-ல் இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்ட்ரே கம்பெனியோடு சேர்ந்து சுந்தரம்-கிளேட்டன் உருவானது. சென்னை பாடியில் ஏர் பிரேக் தயாரிப்பு ஆரம்பமானது. எண்ணூரில் அசோக் லேலண்ட் சேசிஸ் செய்ய, அதன் பிரேக் பாடியில் இருந்து போனது. நம்ம அரசு பஸ்ஸில் பெரும்பாலானவை லேலண்ட் என்பதால், அந்த "ப்ஸ்ஸ்ஸ்" சத்தம் நம்ம எல்லாருக்கும் பாடி வழியாகத்தான் வந்தது.

1980-களின் கடைசியில் வேணு சீனிவாசன் தலைமையில் சுந்தரம்-கிளேட்டன் ஜப்பானிய தர முறைக்கு மாறியது. தரம் பார்ப்பது கடைசியில் நிற்கும் இன்ஸ்பெக்டர் வேலை மட்டும் இல்லை, மெஷினில் நிற்பவரே தப்பின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கணும் என்பது அதன் அடிப்படை. பத்து வருஷ உழைப்பு. 1998-ல் சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியது. அதை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் அதுதான். உலகமயமாக்கலில் இந்தியத் தொழிற்சாலைகள் காணாமல் போய்விடும் என்று பலர் பயந்த காலத்தில் கிடைத்த விருது அது.

இதற்கிடையில் கூட்டாளியின் பக்கம் உரிமை கைமாறிக்கொண்டே இருந்தது. கிளேட்டன் டிவாண்ட்ரே, வாப்கோ குடும்பத்துக்குள் போனது. 2008-ல் பிரேக் பிரிவு தனியாகப் பிரிந்து வாப்கோ-டி.வி.எஸ். ஆனது. 2009-ல் டி.வி.எஸ். தன் பங்கை விற்று வெளியேறியது. பிறகு பெயர் வாப்கோ இந்தியா.

2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, உலக வாப்கோ முழுவதையும் இசட்.எஃப். 700 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. வாப்கோ இந்தியாவின் பெயர் பிறகு இசட்.எஃப். கமர்ஷியல் வெஹிக்கிள் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் இந்தியா ஆனது.

சாஃப்ட்வேர் பசங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, லைப்ரரியின் ஓனர் மாறிட்டார், ஆனா நம்ம கோடுல இம்போர்ட் வரி மாறவே இல்லை. லாரி டிரைவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே வால்வு, அதே சத்தம்.

வாங்கி வாங்கி வளர்ந்த கதை

வாப்கோ ஒன்று மட்டும் இல்லை. 1984-ல் லெம்ஃபோர்டர், 2001-ல் கிளட்ச்சுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் பேர்போன சாக்ஸ். 2011-ல் காற்றாலைக் கியர் பெட்டி செய்யும் ஹான்சன். அந்த ஹான்சனுக்குக் கோவை பக்கத்தில் ஆலை இருந்ததால் அதுவும் இசட்.எஃப். ஆனது. 2015-ல் 1,200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. இந்த டி.ஆர்.டபிள்யூ.வோடு சென்னை ராணே குழுமம் 1987-லேயே கூட்டு சேர்ந்து பவர் ஸ்டீயரிங் செய்துகொண்டிருந்தது. அது இன்றைக்கு இசட்.எஃப். ராணே. ராணே பங்காளியாகத் தொடர்கிறது.

ஆக, வெள்ளிமலையில் இருந்து இறங்கும் ஒரு பஸ்ஸில் டிரைவர் வளைக்கும் ஸ்டீயரிங்கும் மிதிக்கும் பிரேக்கும் ஒரே ஜெர்மன் முதலாளியின் ஆலைகளில் இருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இரண்டையும் செய்தவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். இரண்டும் இசட்.எஃப். இங்கே வந்து புதுசா நட்ட மரம் இல்லை. வளர்ந்து நின்ற மரத்தோடு தோட்டத்தை வாங்கினார்கள்.

வாங்குவதற்குப் பணம்? பெரும்பாலும் கடன். இங்கேதான் ஊர் முதலாளியாக இருப்பதன் சிக்கல் வெளியே தெரிந்தது. 2017-ல் கம்பெனித் தலைவர் ஸ்டெஃபான் சொம்மர் வாப்கோவை வாங்கத் துடித்தார். ஊரின் மேயர் ஆண்ட்ரியாஸ் பிராண்ட் பக்கத்தில் இருந்து எதிர்ப்பு. மோதல் முற்றி, அந்த வருஷக் கடைசியில் சொம்மர் பதவி விலகினார். யோசிச்சுப் பாருங்க, ஒரு லட்சத்துக்கும் மேல் ஊழியர்கள் உள்ள உலகக் கம்பெனியின் தலைவரோடு ஒரு நகராட்சித் தலைவர் மல்லுக்கு நின்று, தலைவர் வெளியே போகிறார்.

ஆனால் அடுத்த தலைவர் காலத்தில் அதே வாப்கோவை வாங்கினார்கள். அப்புறம் கொரோனா, வட்டி உயர்வு, எதிர்பார்த்த வேகத்தில் ஓடாத மின்வாகனச் சந்தை. மின்சார காரில் பழைய மாதிரி எட்டு கியர் பெட்டிக்கு வேலையே இல்லை என்பது தனித் தலைவலி. 2024 ஜூலையில், 2028-க்குள் ஜெர்மனியில் 11,000 முதல் 14,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக இசட்.எஃப். அறிவித்தது. அந்த ஆண்டு நஷ்டம் 100 கோடி யூரோவுக்கும் மேல். கடன் சுமார் 1,000 கோடி யூரோ. ஊரே முதலாளியாக இருந்தும் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது.

வேலை வேற, பங்கு வேற

சரி, கள்ளக்குறிச்சிக்காரன் நான் இதை ஏன் இவ்வளவு நேரம் பேசுறேன்?

எங்க மாவட்டம் 2019-ல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்தது. எங்க பேட்ச்ல மெக்கானிக்கல் படிச்சவங்க நிறைய பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு போயிட்டாங்க. இப்போ கம்பெனிகள் எங்க பக்கமும் வருது. உளுந்தூர்ப்பேட்டையில் தைவானின் போ சென் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை, 20,000 வேலை என்று 2023-ல் ஒப்பந்தம் போட்டது. ரொம்ப நல்ல விஷயம். பஸ் ஏறிப் போகாமல் வீட்டில் இருந்தபடி வேலைக்குப் போகலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒவ்வொரு முறையும் நாம கேட்கிற ஒரே கேள்வி "எத்தனை வேலை?" பாடியின் கதை அதுக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியை வைக்குது: "பங்கு யாருக்கு?" டெமிங் விருது வாங்கிக் கொடுத்த திறமை பாடித் தொழிலாளர்களுடையது. அந்தத் திறமையோடு சேர்த்துத்தான் கம்பெனி கை மாறியது. மூன்று முறை பெயர் மாறியபோதும் வேலை போகவில்லை, அது உண்மை. முடிவு எடுக்கும் மேஜை மட்டும் பாடியில் இருந்து ரொம்ப தூரம் நகர்ந்துவிட்டது. இன்றைக்கு அது இருக்கும் ஊரிலோ, மேயர் அந்த மேஜையில் உட்கார்கிறார். நல்ல முடிவோ கெட்ட முடிவோ, அடுத்த தேர்தலில் அவரைக் கேள்வி கேட்கலாம்.

நமக்கு இந்த யோசனை அந்நியம் இல்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் எங்க மாவட்டத்தின் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கு. கரும்பு போடும் விவசாயிகள்தான் அங்கே பங்குதாரர்கள். எங்க ஊர்ப் பல வீட்டு பீரோவில் அந்தப் பங்குப் பத்திரம் இருக்கும். ஆனால் அன்றாட நிர்வாகம் அரசு நியமிக்கும் அதிகாரியின் கையில். பத்திரம் நம்மகிட்ட, சாவி வேற இடத்துல. ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கும் நமக்கும் இருக்கிற வித்தியாசம் பணம் மட்டும் இல்லை. 1908-ல் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, "இந்தத் தொழில் நின்னா இது ஊருக்கு"ன்னு தெளிவா எழுதி வெச்சது.

அந்த ஊர் சொர்க்கம் இல்லைன்னு பார்த்தோம். பங்கு கையில் இருந்தால் கடனும் தலையில்தான் விழும். அடுத்த சில வருஷம் அங்கே மழலையர் பள்ளிப் பணத்துக்கும் கம்பெனி முதலீட்டுக்கும் நடுவில் கஷ்டமான தேர்வுகள் இருக்கும். ஆனாலும் அது அவங்க தேர்வு.

உங்க கிட்ட ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். உங்க ஊர்ல இருக்கிற ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கோங்க. அதில் எத்தனை பேர் வேலை செய்றாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அதன் முதலாளி யார், முடிவு எடுக்கும் இடம் எது, லாபத்தில் ஒரு ரூபாயாவது ஊருக்குத் திரும்புதான்னு தேடிப் பாருங்க. கண்டுபிடிச்சதை எனக்கு அனுப்புங்க, அதை வெச்சே ஒரு எபிசோடு பண்ணலாம். அதுவரைக்கும், மலை இறங்கும்போது முன் சீட்டில் இடம் கிடைச்சா உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.